மைக்செட் தங்கராசுவின் புத்தர்

மைக்கை வாயருகே கொண்டுபோகும் முன், கன்னத்தில் ஒதுக்கியிருக்கும் சுக்குத் துண்டைத் தங்கராசு நாக்கால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிக்கொள்வார். அது நடந்துவிட்டால் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்றெல்லாம் அவர் ஆரம்பிப்பதில்லை. "யம்மா, கொஞ்சம் காதக் குடுங்க" என்பார். சிதம்பரம் கீழவீதியில் பூக் கட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் விரலை நிறுத்தி நிமிர்வார்கள். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் பரிசோதனை முகாம், காணாமல் போன பசுமாடு, எதுவானாலும் அந்த ஒரு வரிக்குப் பிறகுதான்.

சாவு அறிவிப்பு என்றால் மட்டும் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார். ஓடுகிற வண்டியிலிருந்து சாவைச் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. எழுதிக் கொடுத்த சீட்டில் 'இயற்கை எய்தினார்' என்று இருந்தாலும் 'இறந்துட்டாரு' என்றே படிப்பார். "இயற்கை எய்துறதுன்னா இன்னா? மரமாவா ஆயிட்டாரு? செத்தத செத்தாருன்னு சொன்னாத்தான் சொந்தக்காரன் பஸ் ஏறுவான்" என்பது அவருடைய விளக்கம்.

ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்து விட்டிருப்பார். இடது காது கேட்காது. இருபது வருஷத்துக்கு மேல் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்ததில் போனது. அதனால் யார் பேசினாலும் தலையைத் திருப்பி வலது காதை நீட்டுவார். தெரியாதவர்களுக்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று தோன்றும். சொந்த ஊர் குமராட்சிக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரையோரம் ஒரு காலனி. இப்போது இருப்பது சிதம்பரத்தில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில். மனைவி ஜான்சி, பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறார். அவர் கிறிஸ்தவர், இவர் பௌத்தம் ஏற்றவர். சுவரில் இயேசு காலண்டரும் புத்தர் படமும் ஒரே ஆணி வரிசையில் தொங்குகின்றன. "அவுங்க ரெண்டு பேரும் சண்ட சச்சரவு இல்லாமத்தான் இருக்காங்க. கீழ இருக்கிற நாங்கதான் சரியில்ல" என்பார் ஜான்சி.

யாராவது பழைய ஞாபகத்தில் வந்து, "மாமா, புத்தர் கத ஒண்ணு சொல்லேன்" என்று கேட்டால், தங்கராசு வலது காதையும் திருப்பிக்கொண்டுவிடுவார்.

ஒரு காலத்தில் அந்தக் கதைக்காகவே கொள்ளிடக் கரையின் காலனிகளிலிருந்து ஆள் அனுப்பி அவரைக் கூட்டிப் போனார்கள். சித்திரை வைகாசியில் அறுப்பு முடிந்த வயலில் ஒரு ட்யூப்லைட்டைக் கட்டி, மைக்கை நட்டு, ஒற்றை ஆளாக நின்று புத்தருடைய பிறப்பிலிருந்து சாவு வரைக்கும் சொல்வார். அட்டை கிழிந்த ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து படித்தது கொஞ்சம், கூட்டங்களில் கேட்டது கொஞ்சம், மிச்சமெல்லாம் அவரே போட்டது. அவர் சொன்ன கபிலவாஸ்துவில் நெல் விளைந்தது. சுஜாதை சீரகச் சம்பாவில் பாயசம் வைத்தாள். "சித்தார்த்தன் வூட்ட வுட்டுப் போனது சாமியாராவறதுக்கு இல்ல மச்சான். தண்ணித் தகராறு. ரோகிணி ஆத்துல மொறத் தண்ணி. மேமடக்காரனும் கீழமடக்காரனும் மம்மட்டியத் தூக்கிக்கினு நிக்கிறான். நான் வெட்டமாட்டேன்னான் பாரு, அன்னிக்கே அவன ஊரவுட்டுத் தள்ளிட்டானுவ" என்பார். வீராணத்துத் தண்ணீருக்கு மடைமடையாக நின்று பழகிய ஜனங்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

பிணத்தைப் பார்த்து இளவரசன், "இது என்ன?" என்று கேட்கும் இடம்தான் அவருடைய சொந்தச் சொத்து. அவர் கதையில் தேரோட்டி வாயைத் திறப்பதில்லை. ராஜாவுக்குப் பயந்து குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டிருப்பான். பதில் சொல்வது பிணத்துக்கு முன்னால் பறையடித்துப் போகிறவன். அடியை நிறுத்திவிட்டு இளவரசனை ஏறிட்டுப் பார்ப்பான். "செத்துட்டான் சாமி. எல்லாரும் சாவோம். நீயும் சாவ. உங்கப்பனும் சாவான்." தங்கராசுவின் அப்பா ஊர்த்தெருச் சாவுகளுக்குப் பறையடிக்கப் போனவர். அந்த வரி வந்ததும் வயலில் விசில் பறக்கும். உள்ளுக்குள் தங்கராசுவுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எந்த வரிக்குச் சிரிப்பார்கள், எந்த வரிக்கு முந்தானை கண்ணுக்குப் போகும் என்பது அவருக்கு அத்துப்படி.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடமாகப் பார்த்துக் கதையை நிறுத்திவிடுவார். "மீதி நாளைக்கி" என்று மைக்கை அணைத்துவிடுவார். மறுநாள் கூட்டம் இரட்டிப்பாக வரும்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள், மைக்செட் கடை முதலாளி அவரை ஆட்டோவோடு கடலூருக்கு அனுப்பினார். முதுநகரைத் தாண்டி ஒரு மீனவக் குப்பம். போட்டுகள் தென்னந்தோப்புக்குள் கிடந்தன. தங்கராசுவின் வேலை, காணாமல் போனவர்களின் பெயரையும் அடையாளத்தையும் ரோட்டோரமாகச் சொல்லிக்கொண்டு போவது. வண்டியின் இரு பக்கமும் ஜனங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார்கள். அதில் ஒருத்தி விடவே இல்லை.

"ஹரிஷ். நாலு வயசு. பச்ச டவுசரு. வெள்ளி அரணாகொடி. அரணாகொடியச் சொல்லுண்ணே. அத நல்லாச் சொல்லு."

அவள்தான் குப்பு. அந்தக் குப்பத்து மீனவர் சிங்காரத்தின் மனைவி. கடல் வந்தபோது சிங்காரம் வலை பின்னக் கயிறு வாங்க டவுனுக்குப் போயிருந்தார். அவள் மீன் கூடையோடு கடலூர் டவுனுக்குள் மஞ்சக்குப்பத்தில் தெருத்தெருவாக விற்றுக்கொண்டிருந்தாள். பையன் கரையில் விளையாடிக்கொண்டிருந்தான். ஒரே பிள்ளை, கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்தவன்.

தங்கராசு அந்தப் பெயரை எத்தனை தடவை சொன்னாரோ, அவருக்கே கணக்கில்லை. ஹரிஷ் கிடைக்கவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காத பிள்ளையைச் செத்தவன் என்று எப்படிச் சொல்வது என்று குப்பு எல்லாரையும் கேட்டாள். அதிகாரிகளைக் கேட்டாள், பூசாரியைக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

தை பிறந்ததும் தார்ச் சீட்டு வேய்ந்த தற்காலிகக் கொட்டகைகளில் குப்பத்தைக் குடிவைத்தார்கள். பகலெல்லாம் கொல்லன் உலை மாதிரி அனல் அடிக்கும். நிவாரண வேலைக்கு வந்திருந்த ஒரு தொண்டு அமைப்பில் ஜோதிலட்சுமி என்று ஒரு பெண் இருந்தாள். படித்து முடித்த கையோடு வந்தவள், குரலை உயர்த்தத் தெரியாதவள். சாயங்காலம் எல்லாரையும் ஓரிடத்தில் உட்காரவைத்தால் தேவலை என்று நினைத்து, அவள்தான் தங்கராசுவைக் கதை சொல்லக் கூப்பிட்டாள்.

அவருக்குத் தயக்கம்தான். காலனி ஆள் சொல்லும் கதையைக் குப்பத்தார் கேட்பார்களா? ஆனால் அங்கே அப்போது எல்லாருக்குமே காகிதக் கப்பில்தான் டீ வந்தது. காலனி ஆளுக்கென்று தனியாக ஒரு கப் வைக்கவில்லை. முதல் நாளே ரோகிணி ஆற்றுத் தகராறை வலைபோடும் எல்லைத் தகராறாக மாற்றிவிட்டார். இந்தக் குப்பத்துக்காரன் வலையை அந்தக் குப்பத்துக்காரன் அறுத்துவிட்டான் என்றார். கிழவர்கள் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்கள். சித்தார்த்தனின் குதிரை காந்தகன் எஜமானைப் பிரிந்து ஏங்கிச் செத்த இடத்தில், அதுவரை அழாமல் விறைத்துக் கிடந்த ஆண்கள் குதிரைக்காக அழுவதைப் போல அழுதார்கள்.

குப்பு மட்டும் வரமாட்டாள். கொட்டகையின் கடைசியில், கடல் தெரிகிற பக்கமாக உட்கார்ந்திருப்பாள்.

"அண்ணே, அந்தக் கடுகு கதையச் சொல்லுங்களேன். அவுங்க காதுல வுழுவற மாதிரி" என்றாள் ஜோதிலட்சுமி.

"அது கத்தி மாதிரி கதம்மா."

"கட்டியக் கீறுனாத்தானே சீழ் வெளில வரும்?"

தங்கராசுவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. தன்னால் முடியும் என்ற கர்வமும் இருந்தது. அன்று மைக்கைத் திருப்பி, குப்பு உட்கார்ந்திருந்த திசைக்கு வைத்தார். பிள்ளையைப் பறிகொடுத்த கோதமியை மீன் விற்கிறவளாக ஆக்கினார். தலையில் மீன் அன்னக்கூடை கொடுத்தார். செத்த பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமல் அவள் தெருத்தெருவாக வைத்தியர் தேடுகிறாள். யாரோ கை காட்ட, புத்தர் முன்னால் வந்து நிற்கிறாள். எம்புள்ளைய எழுப்பிக் குடு சாமி.

"புத்தரு அவள மேலயும் கீழயும் பாக்குறாரு. முடியாதுன்னு சொல்லல. செரிம்மா, எழுப்பலாம், ஒரு கை கடுகு வாங்கியான்னாரு. ப்பூ, கடுகுதானேன்னு அவ கெளம்புறா. நில்லு. எந்த வூட்ல இதுவரைக்கும் ஒரு சாவும் வுழலயோ, அந்த வூட்டுக் கடுகுதான் வேணும். போ, வாங்கியான்னாரு."

கொட்டகைக் கடைசியில் குப்பு முதன்முறையாகக் கடலிலிருந்து முகத்தைத் திருப்பியிருந்தாள். தங்கராசு அதைப் பார்த்தார். பார்த்த சந்தோஷத்தில், பழக்கதோஷத்தில், "மீதி நாளைக்கி" என்று மைக்கை அணைத்தார்.

மறுநாள் மீதியைச் சொன்னார். கோதமி வீடுவீடாகப் போனதையும், எல்லா வீட்டிலும் கடுகு இருந்ததையும், சாவு இல்லாத வீடு ஒன்றுகூட இல்லாததையும், கடைசியில் அவள் பிள்ளையைக் கொண்டுபோய் மண்ணுக்குக் கொடுத்ததையும் சொன்னார். கொட்டகையே விம்மியது. அதைக் கேட்க வேண்டியவள் அங்கே இல்லை. விடிந்ததும் எழுந்து போய்விட்டாள் என்றார்கள்.

சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம், அவர் கதையின் நடுவே இருந்தபோது குப்பு வந்தாள். காலெல்லாம் புழுதி. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக முன்னால் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, மைக்குப் பக்கத்தில் இருந்த பலகைமேல் கொட்டினாள். கடுகு.

"மஞ்சக்குப்பத்துல புது வூடு. இப்பத்தான் பால் காச்சியிருக்காங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு. மனை பொட்ட மனை, அதுக்கு முன்னாடி வூடே இருந்ததில்ல. நல்லா விசாரிச்சிட்டேன். ரெண்டு பேருக்கும் ஆயா தாத்தால்லாம்கூட இருக்காங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "யாரும் சாவல. இந்தா. எம்புள்ளையக் குடு."

ஜோதிலட்சுமி வாயில் துணியை வைத்துக்கொண்டாள். தங்கராசுவின் தொழிலே வாய்தான். எந்தக் கூட்டத்திலும் அது அவரைக் கைவிட்டதில்லை. உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து, இது வெறும் கதையம்மா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நூறு கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் வாயில் வந்தது வேறு.

"இந்தக் கடுகு இல்லம்மா."

"ஏன்?"

"வயத்துல... வயத்துல கலைஞ்சது எதுனா இருக்கும். அதுவும் சாவுதான். அவுங்க சொல்லியிருக்க மாட்டாங்க."

குப்பு பலகைப் பக்கம் குனிந்தாள். சாமான் சரியில்லை என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்தால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படி, ஒரு கடுகு விடாமல் கூட்டி அள்ளி முடிந்துகொண்டாள். "செரி. கேட்டுக்கினு வர்றேன்."

அதோடு தங்கராசு குப்பத்துக்குப் போவதை நிறுத்தினார். ஆனால் குப்பு நிறுத்தவில்லை. சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கி, மைக்செட்காரர் வீடு எது என்று கேட்டுக் கேட்டு வந்துவிட்டாள். வாசலில் நின்றாள். "கேட்டேண்ணே. அப்பிடி எதுவும் இல்லியாம். இந்தா."

ஜான்சி அவளுக்குச் சோறு போட்டார். சாப்பிட்டாள். பேச்சில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. வஞ்சிரம் விலை, அரசாங்கம் கட்டிக் கொடுக்கப்போகும் கான்கிரீட் வீடு, சிங்காரம் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்திருப்பது எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னாள். கிளம்பும்போதுதான், "இது பத்துமா, இன்னும் ஜாஸ்தி வேணுமாண்ணே?" என்று கேட்டாள்.

வருஷங்கள் அப்படித்தான் போயின. தற்காலிகக் கொட்டகை போய்க் கான்கிரீட் வீடு வந்தது. குப்பு பழையபடி கூடை தூக்கினாள். விற்கப் போகும் தெருக்களில் கேட்பாள். எங்காவது சாவு விழாத வீடு என்று பட்டால் முடிந்துகொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுவாள். மீன் வாடைக்குக் கண்டக்டர் கடைசி சீட்டுக்கு விரட்டுவார். கடலூரில் சில தெருக்களில் அவளைக் கடுகுக்காரி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலிக்கு என்று சொல்ல முடியாது. எல்லாருக்கும் விஷயம் தெரியும். சிலர் கேட்கும் முன்பே ஒரு கைப்பிடி போட்டு அனுப்பிவிடுவார்கள். அப்படிக் கிடைத்ததை அவள் சேர்த்துக்கொள்ளமாட்டாள், ரோட்டோரக் குருவிக்கு இறைத்துவிடுவாள்.

முதல் கடுகு கொடுத்த அந்த மஞ்சக்குப்பத்து வீட்டுக்காரி பெயர் ரேகா. புருஷன் ஏதோ ஒரு ஆபீசில் வேலை. அவள் குப்புவுக்கு வாடிக்கையாகிவிட்டாள். மீனை ஆய்ந்து கொடுக்கும்போது குப்பு, "எல்லாரும் நல்லாருக்காங்களாம்மா?" என்று கேட்பாள். "நல்லாருக்கோம்க்கா" என்று ரேகா சொல்லும்போது குப்புவின் முகம் தெளியும். அந்த ஒரு வீட்டின் மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம். விசேஷத்துக்கு விசேஷம் ரேகா கொடுக்கும் கடுகை மட்டும் தனி முடிச்சாகக் கொண்டுவருவாள்.

சிதம்பரத்து வீட்டில் கடுகு சேர்ந்தது. முதலில் ஒரு டப்பா, பிறகு ஒரு தூக்கு. ஒருநாள் சமையலுக்குக் கடுகு இல்லையே என்று ஜான்சி அதிலிருந்து எடுத்து ரசம் தாளித்துவிட்டார். எண்ணெயில் அது வெடித்த சத்தம் வலது காதில் விழுந்ததும் தங்கராசு எழுந்து வெளியே போனார். அன்று அவர் சாப்பிடவில்லை.

"உள்ளதச் சொல்லிடுங்க. கையெடுத்துக் கும்புட்டு சொல்லிடுங்க. நீங்க சொல்லாத வரைக்கும் அந்தப் பொம்பள அலைஞ்சிக்கினுதான் இருக்கும்" என்றார் ஜான்சி.

சொன்னார். கூழ் ஊற்றும் மாசம், ஒரு மத்தியானம். குப்பு சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"குப்பு. அது கத. அந்தக் கதையில அவளுக்குக் கடுகு கெடைக்கவே கெடைக்காது. எல்லா வூட்லயும் சாவு இருக்கும். அதத் தெரிஞ்சிக்கத்தான் புத்தரு அனுப்புறாரு. அன்னிக்கி நான் பாதில நிறுத்திட்டேன்."

குப்பு முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்குக் கெடைச்சிதே" என்றாள்.

"அது..."

"அந்தப் பொம்பள செரியா அலையலண்ணே. நாலு வூடு பாத்துட்டு வுட்டுட்டா." பிறகு, அவரைத் தேற்றுவது போல, "புத்தருன்னு ஒருத்தரு இருந்தாரா, இல்ல அதுவும் நீ வுட்ட கதையா?" என்றாள்.

"இருந்தாரு."

"அப்பறம் இன்னா."

தங்கராசு அந்த வருஷத்தோடு கதை சொல்வதையே விட்டார். சித்திரையில் ஆள் அனுப்பியவர்களுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லியனுப்பினார். அதற்கடுத்த வருஷமும் தொண்டை கட்டியிருந்தது. லால்பேட்டை வழியாக ஒருமுறை பஸ்ஸில் போனபோது, பக்கத்தில் ஒரு பிக்கு உட்கார நேர்ந்தது. புத்த விழா ஒன்றுக்கு வந்தவர், தமிழர்தான். தங்கராசு வெட்கத்தை விட்டுக் கேட்டார். அய்யா, ஒருவேளை அவளுக்கு நிஜமாவே கடுகு கெடைச்சிருந்தா புத்தரு இன்னா பண்ணியிருப்பாரு? பிக்கு சிரித்தார். கிடைக்காது என்பதுதானே தம்மம் என்றார். தங்கராசு காது கேட்காத பக்கத்தை அவரிடம் திருப்பிக்கொண்டார்.

தானே புயல் அடித்தது மார்கழியில், ஆங்கில வருஷம் முடிகிற தறுவாயில். கடலூரில் நிற்கிற மரம் இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. குப்பத்தில் இந்த முறை உயிர்ச்சேதம் இல்லை என்று தெரிந்ததும் தங்கராசு மூச்சு விட்டார். பொங்கல் போயிற்று. குப்பு வரவில்லை. ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

சிங்காரம் போன் செய்தார். சிங்காரம் அவரிடம் பேசுவதே அபூர்வம். கொட்டகைக் காலத்தில் ஒருமுறை சட்டையைப் பிடித்து, "யோவ், நீ பேசுன பேச்சுக்கு எம்பொண்டாட்டி தெருவுல நிக்கிறாய்யா" என்றவர். இப்போது குரல் தணிந்திருந்தது.

"அண்ணே, ரேகா வூட்டுக்காரு போயிட்டாரு. பொயலுக்கு மறுநாளு. மாடியில தகரம் பேந்துகிச்சின்னு ஏறியிருக்காரு, வழுக்கி வுழுந்துட்டாரு. இது தெரியாம இவ கூடைய எடுத்துக்கினு போயிருக்கா. வாசல்ல சாமியானா. அந்தப் பொண்ணு இவளப் பாத்துட்டு, நீதான்டீ, நீதான்டீன்னு..." நிறுத்தினார். "நல்லாருக்கீங்களா நல்லாருக்கீங்களான்னு கேட்டுக் கேட்டே எடுத்துட்டியேன்னு கத்தியிருக்குது. வூட்டுக்கு வந்து படுத்தவதான். எழுந்திரிக்கல. நீ வந்து எதுனா சொல்லு. உம் பேச்சுன்னா கேப்பா."

தங்கராசு வருகிறேன் என்றார். போகவில்லை. ஜவுளிக்கடை வேலை இருக்கிறது என்று ஜான்சியிடம் சொன்னார். அடுத்த வாரம் வேறொன்று சொன்னார். மாசி பிறந்த பிறகு ஜான்சியே அவர் சட்டையை எடுத்துக் கொடுத்து, பஸ் நிலையம் வரைக்கும் கூட வந்து ஏற்றிவிட்டார்.

காலை வெயில் கான்கிரீட் வீட்டுக்குள் பாதி வரை வந்திருந்தது. புயலில் ஒரு ஜன்னல் போய், அந்த இடத்தில் நிவாரணச் சாக்கு கட்டியிருந்தார்கள். குப்பு வெறும் சிமெண்டுத் தரையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோள் எலும்பு ரவிக்கைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. தலைமாட்டில் கஞ்சி ஏடு கட்டியிருந்தது. ஊட்டினால் இரண்டு வாய் வாங்குகிறாள், அதற்குமேல் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள் என்றார் சிங்காரம்.

"குப்பு, நான் தங்கராசு."

"ம்."

"சாப்புடாம கெடக்குறியாமே."

சுவரைப் பார்த்தபடியே பேசினாள். குரல் காய்ந்த இலை போல இருந்தது. அவர் குனிந்து வலது காதை அவள் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"ஊருல அந்த ஒரு வூடுதாண்ணே பாக்கியா இருந்திச்சி. எடுத்துக்கினு போவுதே, அதுக்குத் தெரியாது, அப்பிடி ஒரு வூடு இருக்குன்னு. நாந்தான் போயிப் போயி நின்னு காமிச்சிக் குடுத்துட்டேன்."

"எதுக்கு? யாருக்குக் காமிச்சிக் குடுத்த?"

குப்பு இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பொயலும்மா. மழ. தகரம் வழுக்கிடுச்சி. உனக்கும் அதுக்கும் இன்னா..."

"எம்புள்ள செத்துட்டான் இல்லண்ணே?" என்றாள் குப்பு.

ஏழு வருஷமாக அவள் வாயிலிருந்து வராத சொல். அது வந்துவிட்டால் போதும், அவள் அழுது தீர்த்து எழுந்துவிடுவாள் என்றுதான் ஜோதிலட்சுமி நினைத்தாள், ஜான்சி நினைத்தார், தங்கராசுவும் நினைத்திருந்தார். கதையில் அப்படித்தான். குப்பு அழவில்லை. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இனி எங்கும் போக வேண்டியதில்லை என்பது போல உடம்பு தரையில் இன்னும் கொஞ்சம் படிந்தது.

இவள் அலைவது எப்போது நிற்கும் என்று இத்தனை வருஷமாக ஏங்கிய தங்கராசு, இப்போது அவளை எப்படியாவது எழுப்பி நடக்கவிட்டால் போதும் என்று தவித்தார். பக்கத்தில் மண்டியிட்டார். அவரை அறியாமலே அந்தப் பழைய குரல் வந்துவிட்டது. அறுப்பு வயல்களில் கூட்டத்தைக் கட்டிப்போட்ட குரல்.

"குப்பு, கேளு. சேத்தியாத்தோப்பு போற வழியில ஒரு வூடு இருக்குது. இப்பத்தான் கட்டுனது. நானே விசாரிச்சேன். ஒரு பொண்ணு, அவ புருஷன். இதுவரைக்கும் அங்க ஒரு சாவுகூட..."

குப்பு திரும்பினாள். வெளிச்சத்துக்குக் கண் கூசியது. கையை ஊன்றி எழ முயன்று, முடியாமல், படுத்தபடியே மற்றக் கையை நீட்டினாள். எலும்பாகிப்போன அந்தக் கை அவர் முகத்தைத் தடவித் தேடி, வாயைக் கண்டுபிடித்து, இறுகப் பொத்தியது.